டெர்பிக்கு வராத குதிரை

1920-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'மேன் ஓ வார்' என்ற செந்நிறக் குதிரைக்கு ஈடாக ஓட இன்னொரு குதிரை கிடையாது. வாழ்நாளில் 21 முறை ஓடி 20 முறை வென்ற குதிரை அது. அந்த ஆண்டு மே மாதம் நடந்த கென்டக்கி டெர்பியில் அது ஓடவில்லை. காலில் அடி இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று வயதுக் குதிரையை மே மாதத் தொடக்கத்திலேயே ஒன்றேகால் மைல் விரட்டக் கூடாது என்று அதன் உரிமையாளர் சாமுவேல் ரிடில் நினைத்தார். கென்டக்கி வரை போகவும் அவருக்கு மனமில்லை. பத்து நாள் கழித்து பிரீக்னஸ் பந்தயத்தில் மேன் ஓ வார் ஓடி வென்றது. ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தையும் வென்றது. டெர்பியை வேறொரு குதிரை கொண்டுபோனது. நாட்டின் தலைசிறந்த குதிரை வரவில்லையே என்று டெர்பிக்காக அன்றைக்குப் பெரிதாக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

1937-இல் அதே ரிடிலின் குதிரை கென்டக்கி டெர்பியில் ஓடியது. பெயர் 'வார் அட்மிரல்'. மேன் ஓ வாரின் மகன். டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் வென்று, 'டிரிபிள் கிரௌன்' என்று சொல்கிறார்களே, அந்தப் பட்டத்தைப் பெற்றது. அப்பனுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பந்தயத்தைப் பதினேழே ஆண்டுகளில் மகனுக்கு ஒதுக்க முடியவில்லை. பந்தயத் திடல் அதேதான், தூரமும் அதேதான்.

ஒரு கேள்வி என்னை நீண்ட காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பந்தயம் எப்படிப் பெரிய பந்தயம் ஆகிறது, எப்படி அந்த இடத்தை இழக்கிறது? அப்பா கிண்டி லாயத்தில் சைஸாக இருந்தவர். விடியும் முன்னே எழுந்து குதிரையைத் தேய்த்து, நடத்தி, அதன் கால் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து, தீனி வைத்து, ஓட்டத்துக்கு அனுப்பி வைக்கும் வேலை. அவர் ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டி நான் பார்த்ததில்லை. நான் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்த பிறகு வெளிநாட்டு ரேஸ் முடிவுகளை அவரிடம் படித்துக் காட்டுவேன். "ஜெயிச்சது இருக்கட்டும்டா. அதோட குட்டியை வாங்க எத்தனை பேரு வரிசையில நிப்பாங்க? அதைச் சொல்லு" என்பார். அவர் கேட்டதில் பாதி விடை இருக்கிறது. எந்த ஆண் குதிரையைப் பொலிக்கு நிறுத்தலாம், எந்தப் பெண் குதிரையைத் தாயாக்கலாம் என்று பண்ணைக்காரர்கள் எந்தப் பந்தயத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்களோ அது பெரிய பந்தயம். மீதிப் பாதி, அன்றைக்கு வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்து நிற்கும் ஜனங்களிடம் இருக்கிறது. பரிசுப் பணம் இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது.

கென்டக்கி டெர்பியை ஜனங்களிடம் கொண்டுசேர்த்தவர் ஒரு தையல்காரர். பெயர் மேட் வின். 1875 மே 17 அன்று லூயிவில் நகரில் முதல் டெர்பி ஓடியபோது அவருக்கு 13 வயது. அப்பாவின் மளிகை வண்டிமேல் நின்று பார்த்தார். இங்கிலாந்தின் எப்சம் டெர்பியைப் பார்த்துவிட்டு வந்த மெரிவெதர் லூயிஸ் கிளார்க் என்பவர் தொடங்கிய பந்தயம் அது. முதலில் ஒன்றரை மைல். 1896-இல் ஒன்றேகால் மைலாகக் குறைத்தார்கள். நூற்றாண்டு முடியும் சமயத்தில் அது உள்ளூர்ப் பந்தயமாகச் சுருங்கியிருந்தது. 1902-இல் வின் சிலரைச் சேர்த்துக்கொண்டு டெர்பி நடக்கும் மைதானத்தை வாங்கினார். குதிரையைப் பற்றிக் கவலைப்படும் முன் செய்தியாளர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். நியூயார்க் பத்திரிகைக்காரர்களோடு நட்பு வளர்த்து, அவர்களைத் தெற்கே வரவழைத்தார். 1913-இல் 'டோனெரெய்ல்' என்ற, யாரும் சட்டை செய்யாத குதிரை, ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்று என்ற விகிதத்தில் வென்றது. நாடு முழுவதும் பேச்சானது. 1915-இல் கிழக்குச் சீமையின் பெரிய செல்வந்தர் ஹாரி பெய்ன் விட்னி, 'ரிக்ரெட்' என்ற பெண் குதிரையை அனுப்பினார். அது வென்றது. டெர்பியை வென்ற முதல் பெண் குதிரை அதுதான். 1925-இல் டெர்பி வானொலிக்கு வந்தது. இத்தனைக்கும் 1917-லும் 1922-லும் டெர்பியும் பிரீக்னஸும் ஒரே நாளில் வெவ்வேறு ஊர்களில் ஓடின. இரண்டையும் சேர்த்து ஒரு மகுடமாகப் பார்க்கும் எண்ணமே அப்போது ஊன்றியிருக்கவில்லை. 1930-களில்தான் அது வேர்பிடித்தது. வின் 1949 வரை ஒரு டெர்பியைக்கூடத் தவறவிடாமல் பார்த்துவிட்டு, அந்த ஆண்டே காலமானார்.

இந்த ஏற்றத்தில் ஒரு பெரிய அநியாயமும் உண்டு. சைஸ் மகனான எனக்கு அதைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியாது. முதல் டெர்பியில் ஓடிய 15 குதிரைகளில் 13 குதிரைகளின் ஜாக்கிகள் கறுப்பினத்தவர்கள். வென்றவர் ஆலிவர் லூயிஸும் கறுப்பினத்தவர்தான். முதல் 28 டெர்பிகளில் 15-ஐ வென்று தந்தது அவர்கள் கைகள். ஐசக் மர்பி மூன்று முறை வென்றார். ஜிம்மி விங்க்ஃபீல்டு 1901-லும் 1902-லும் அடுத்தடுத்து வென்றார். பந்தயத்தின் பெயர் உயர உயர, பணமும் புகழும் சேரச் சேர, குதிரைமேல் இருந்தவர்களை இறக்கிவிட்டார்கள். விங்க்ஃபீல்டு ரஷ்யாவுக்குப் போய் அங்கே சவாரி செய்தார். 1921-க்குப் பிறகு ஒரு கறுப்பின ஜாக்கியை டெர்பியில் பார்க்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1961-இல், வயது முதிர்ந்த விங்க்ஃபீல்டை டெர்பி விருந்துக்கு அழைத்திருந்தார்கள். விருந்து நடந்த ஓட்டலின் வாசலில் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். இன்று ஒன்றரை லட்சம் பேர் கூடும் அந்த மைதானத்தின் பெருமையில் பாதி, பெயர் அழிக்கப்பட்ட இந்த மனிதர்களுடையது.

அமெரிக்கர்கள் பார்த்துப் படித்த எப்சம் டெர்பிக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. லண்டனுக்குத் தெற்கே எப்சம் மேட்டுநிலத்தில் 1780-இல் தொடங்கிய பந்தயம். 12-ஆவது டெர்பி பிரபுவின் பெயர்தான் அதற்கும், பிறகு உலகெங்கும் முளைத்த நூற்றுக்கணக்கான 'டெர்பி'களுக்கும் வந்தது. முதல் வெற்றி சர் சார்ல்ஸ் பன்பரியின் 'டயோமெட்' குதிரைக்கு. 1784-லிருந்து ஒன்றரை மைல். ஏறி, இறங்கி, இடப்பக்கம் திரும்பி, கடைசி நேர்க்கோட்டில் தரை ஒருபுறமாகச் சரிந்திருக்கும் ஓடுபாதை அது. வேகம், தாக்குப்பிடிக்கும் மூச்சு, காலின் உறுதி, பதறாத குணம் என எல்லாம் ஒரு குதிரையிடம் ஒன்றாக இருந்தால்தான் அங்கே வெல்ல முடியும். பண்ணைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்பியதற்கு அதுதான் காரணம்.

ஜனங்கள் வந்தது வேறு காரணத்துக்காக. அந்த மேட்டுநிலம் பொது நிலம். சீட்டு வாங்காமலே மலைச்சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம். புதன்கிழமை டெர்பி என்றால் லண்டனில் பாதி வேலை நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் நாடாளுமன்றமே டெர்பிக்காக ஒத்திவைக்கப்பட்டது. வில்லியம் ஃப்ரித் 'டெர்பி நாள்' என்று ஓவியம் தீட்டினார். குதிரைகள் அதில் மூலையில் எங்கேயோ சிறிதாக இருக்கின்றன. பாதி இடம் கழைக்கூத்தாடிகளுக்கும் சூதாடிகளுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் சீமாட்டிகளுக்கும். 1858-இல் அதைக் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் நெருக்கியடித்ததால் ஓவியத்தின் முன் தடுப்புக் கம்பி போட வேண்டியிருந்தது. 1913-இல் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன், மன்னரின் குதிரைக்கு முன்னால் ஓடுபாதையில் இறங்கி, அடிபட்டு, நான்கு நாள் கழித்து இறந்தார். நாடு முழுவதும் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துதான் அவர் அங்கே போயிருக்கிறார். நம் பக்கத்துச் சம்பந்தமும் உண்டு. 1934-இல் குஜராத்தின் ராஜ்பிப்லா மகாராஜா விஜயசிங்ஜியின் 'வின்ட்ஸர் லாட்' டெர்பியை வென்றது. எப்சம் பந்தயத்தை வைத்துக் கல்கத்தாவில் நடந்த 'ஸ்வீப்' குலுக்கல் உலகப் புகழ் பெற்றிருந்தது.

1995-இல் புதன்கிழமை டெர்பியைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். விடுமுறை நாளில் வைத்தால் கூட்டமும் தொலைக்காட்சி நேயர்களும் கூடுவார்கள் என்பது கணக்கு. அது பொய்த்தது. வாரநாளில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போவதில் இருந்த திருவிழாத்தனம் போனது. சனிக்கிழமையில் கால்பந்தும் கிரிக்கெட்டும் போட்டிக்கு நின்றன. 2025 டெர்பிக்குச் சீட்டு வாங்கி வந்தவர்கள் ஏறத்தாழ 22,000 பேர்தான். நாள் மாற்றம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜனங்களின் நாட்காட்டியில் தானாக ஊறிப்போன ஒரு நாளைத் தொட்டது பெரிய பிழை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பண்ணைக்காரர்களின் நம்பிக்கை மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 2001 டெர்பியை வென்ற 'கலிலியோ' இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பொலிக் குதிரை. அதன் பிள்ளைகளில் ஐந்து குதிரைகள் எப்சம் டெர்பியை வென்றிருக்கின்றன. கலிலியோவின் தாய் 'அர்பன் ஸீ' 1993-இல் பாரிஸில் ஆர்க் பந்தயத்தை வென்றவள். அவளுடைய இன்னொரு மகன் 'ஸீ தி ஸ்டார்ஸ்' 2009-இல் டெர்பி, ஆர்க் இரண்டையும் வென்றது. அப்பா இருந்திருந்தால் அர்பன் ஸீயைப் பற்றி ஒரு வாரம் பேசியிருப்பார்.

ஐரோப்பாவின் தலையாய பந்தயம் எது என்று கேட்டால் இன்று பலரும் எப்சத்தைச் சொல்வதில்லை, அந்த ஆர்க்கைத்தான் சொல்கிறார்கள். பாரிஸின் லோங்ஷாம் மைதானத்தில் 1920-இல்தான் அது தொடங்கியது. டெர்பியில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடலாம். ஆர்க்கில் மூன்று வயதும் அதற்கு மேலும் மோதிக்கொள்ளும். பருவம் முடியும் அக்டோபரில் நடப்பதால் ஆண்டுக் கணக்கு முழுவதும் அங்கே தீர்கிறது. 1955, 1956 இரண்டு ஆண்டும் அதை வென்ற 'ரிபோ' ஓடிய 16 பந்தயங்களிலும் தோற்காதது. அதை உருவாக்கிய இத்தாலியர் ஃபெடெரிகோ டெஸியோ, அதன் முதல் ஓட்டத்தைப் பார்க்காமலே 1954-இல் இறந்துபோனார். ஆர்க்கில் காயடித்த குதிரைகளை நீண்ட காலம் சேர்த்ததில்லை, எப்சத்திலும் அப்படித்தான். வம்சம் வளர்க்க முடியாத குதிரைக்கு அங்கே இடம் இருக்கவில்லை. இந்தப் பந்தயங்கள் யாருக்காக உண்டானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பண்ணைக்காரர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆஸ்காட் தங்கக் கோப்பையைப் பார்க்கலாம். 1807-லிருந்து ஓடும் இரண்டரை மைல் பந்தயம். ஒரு காலத்தில் டெர்பி வென்ற குதிரைகளின் அடுத்த ஆண்டு லட்சியமே அதுதான். பிறகு உலகம் வேகத்தை விரும்பத் தொடங்கியது. நெடுந்தூரம் ஓடும் குதிரையின் குட்டிக்கு விலை போகவில்லை. 2006 முதல் 2009 வரை நான்கு முறை தொடர்ந்து அதை வென்ற 'யேட்ஸ்' குதிரைக்கு ஆஸ்காட்டில் சிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் பொலிக்கு நிறுத்தும்போது, தடை தாண்டும் பந்தயத்துக்கான குட்டிகளை ஈனவைக்கத்தான் அதை அனுப்பினார்கள்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பையோ பண்ணைக்காரர் தயவே இல்லாமல் வாழ்ந்த பந்தயம். 1861-இல் 'ஆர்ச்சர்' முதல் கோப்பையை வென்றது. இரண்டு மைல், நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி எல்லாருக்கும் வாய்ப்புக் கொடுக்கும் முறை. நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்னில் அரசு விடுமுறை. 1930-இல் அதை வென்ற 'ஃபார் லாப்' காயடித்த குதிரை. ஒரு குட்டியும் இல்லை. ஆனாலும் அதன் தோல் மெல்பர்ன் அருங்காட்சியகத்திலும், இதயம் கான்பெராவிலும், எலும்புக்கூடு பிறந்த நாடான நியூஸிலாந்திலும் இருக்கின்றன. ஒரு குதிரையை மூன்று ஊர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் ஜனங்கள் அதை எப்படி நேசித்திருக்க வேண்டும்! இப்போது அங்கேயும் ஆட்டம் கண்டிருக்கிறது. ஓட்டத்தில் கால் முறிந்து குதிரைகள் மாண்டது பலருடைய மனத்தைத் திருப்பியது. 2020-இல் இறந்த 'ஆன்டனி வான் டைக்' முந்தைய ஆண்டு எப்சம் டெர்பியை வென்ற குதிரை. மக்களின் இந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். குதிரையை நேசிப்பவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. இதற்கிடையில் 2017-இல் சிட்னியில் 'எவரெஸ்ட்' என்ற 1,200 மீட்டர் பந்தயத்தைத் தொடங்கினார்கள். பங்கேற்கும் இடங்களையே பெரும் தொகைக்கு விற்கிறார்கள். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பெருகியிருப்பது குறுந்தூர வேகக் குதிரைகள்தான் என்பதால் அது விரைவாக ஊன்றிவிட்டது.

அதே இடம் விற்கும் யோசனையை அமெரிக்காவில் 'பெகாசஸ் உலகக் கோப்பை' கையாண்டது. 2017-இல் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர், அன்றைக்கு உலகிலேயே அதிகம். அடுத்த ஆண்டு 1 கோடியே 60 லட்சம். 2020-இல் 30 லட்சமாக இறங்கிவிட்டது. சவூதி கோப்பை 2020 முதல் 2 கோடி டாலர் தருகிறது. குதிரைகள் போகத்தான் செய்கின்றன. ஆனால் அதை வெல்வதற்காகவே ஒரு குட்டியை இத்தனை தலைமுறை பார்த்துச் சேர்த்தோம் என்று சொல்கிறவர்களை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவின் தலையாய பந்தயம் கல்கத்தாவின் வைஸ்ராய் கோப்பை. கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும்; வைஸ்ராயே வருவார். 1943-இல் பம்பாய் மகாலக்ஷ்மியில் இந்தியன் டெர்பி தொடங்கியது. முதல் ஆண்டு பரோடா மகாராஜாவின் 'பிரின்சஸ் பியூட்டிஃபுல்' வென்றது. வைஸ்ராய்கள் போனார்கள், மன்னர்களும் மில் முதலாளிகளும் இருந்த பம்பாய்க்கு மதிப்பு இடம் மாறியது.

கிண்டியின் கதை தனி. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அங்கே குதிரைகள் ஓடின. ஆனால் 'ரேஸுக்குப் போறவன்' என்றால் நம் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தாலியை அடகு வைத்த கதைகள் பொய்யல்ல. எங்கள் தெருவிலேயே இருந்தன. 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு 1996 வரை நீண்டு, குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் விட்டாலும் ஜனங்களின் மனம் விடவில்லை. கிண்டியில் மெல்பர்னைப் போல ஒரு குடும்பமாக வந்து பார்க்கும் நாள் உருவாகவே இல்லை. பந்தயப் பணம் கட்டும் டோட் கவுன்ட்டர் முன் நின்ற ஆண்களின் கூட்டம்தான் இருந்தது. 2024 செப்டம்பரில் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்து கையகப்படுத்தியது. லாயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி வலித்தது. கோபம் அரசின் மேல் வரவில்லை. ஓடுகிற குதிரையைக் காட்டி ஊரைச் சேர்த்துக்கொள்ள இரு நூற்றாண்டில் முடியவில்லையே என்றுதான் வந்தது.

அதைச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோ அருகே நாகாயாமாவில் டிசம்பரில் நடக்கும் 'அரிமா கினென்' பந்தயத்தில் எந்தக் குதிரைகள் ஓட வேண்டும் என்று ரசிகர்கள் வாக்களிக்கிறார்கள். 1990-இல் 'ஒகுரி கேப்' என்ற, சிறு ஊர் மைதானத்திலிருந்து வந்த, பெரிய வம்சம் இல்லாத குதிரை தன் கடைசி ஓட்டத்தை அங்கே ஓடி வென்றது. அன்று வந்தவர்கள் 1,77,779 பேர். கிட்டத்தட்ட அதே சமயத்தில் பண்ணைக் கணக்கையும் அவர்கள் தீர்த்தார்கள். 1989 கென்டக்கி டெர்பியை வென்ற 'சண்டே சைலன்ஸ்' குதிரையை அமெரிக்கப் பண்ணைகள் பெரிதாக மதிக்கவில்லை. ஜப்பானின் ஜென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜப்பானின் முதல் பொலிக் குதிரை அதுதான். அதன் மகன் 'டீப் இம்பாக்ட்' 2006-இல் ஆர்க்கில் ஓடியபோது ஆயிரக்கணக்கான ஜப்பானியர்கள் பாரிஸுக்கே போனார்கள். மூன்றாவதாக வந்து, பிறகு தடைசெய்யப்பட்ட மருந்துக்காகத் தகுதியிழந்தது. ஆர்க் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.

ஆனால் டீப் இம்பாக்டின் மகன் 'ஆகஸ்ட் ரோடின்' 2023-இல் எப்சம் டெர்பியை வென்றது. தாய் கலிலியோவின் மகள், பயிற்சி அயர்லாந்தில். 2024 நவம்பரில் அதன் கடைசிப் பந்தயத்துக்கு அதன் உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்தது டோக்கியோவின் ஜப்பான் கோப்பையை. வென்றது 'டு டியூஸ்' என்ற உள்ளூர்க் குதிரை. ஆகஸ்ட் ரோடின் எட்டாவதாக வந்தது. எப்சத்தை வென்ற ஒரு குதிரை விடைபெறத் தகுந்த இடம் டோக்கியோ என்று ஒரு தலைமுறைக்கு முன் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகஸ்ட் ரோடின் இப்போது அயர்லாந்தில் பொலிக்கு நிற்கிறது. 2026-இல் பிறக்கும் அதன் முதல் குட்டிகள் 2029-இல் மூன்று வயதை எட்டும். அவற்றில் நல்லவற்றை எப்சத்துக்கு எழுதுவார்களா, டோக்கியோவுக்கா, கென்டக்கிக்கா என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.